பாலாற்றுப் பாலம் வந்தாலே வயிறு கலக்கும்

குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம், காட்பாடி வழியாக வேலூர் போகிற பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது எனக்கு வயிறு கலக்க ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வுக்குப் போகும்போது மட்டும்தான் இப்படி. தங்கச்சியோடு துணி எடுக்கப் போனால் அதே பஸ், அதே பாலம், ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம் என் கண்ணில் படவே எட்டு மாதம் ஆனது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற யாருக்காவது இப்படி இருந்தால் அவர்களுக்கு அந்த எட்டு மாதமாவது மிச்சமாகட்டும்.

2022 ஜூலை 24 அன்று முதல் முறை எழுதினேன். ஹாலில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் விரல் நுனியெல்லாம் மரத்து, ஊசி குத்துகிற மாதிரி ஆனது. உதட்டைச் சுற்றியும் அதே. நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வியர்வை, விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓஎம்ஆர் தாளில் பட்டு ஈரமாகிவிட்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அடங்குவதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. தேறவில்லை.

அதற்குப் பிறகு மாதிரித் தேர்வு என்றாலே பேதி, தலைவலி, முந்தின ராத்திரி தூக்கம் கிடையாது. ஆயா கண்ணு பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். "இன்னா கண்ணு, இன்னிக்கும் துன்னாமலே போறியா?" என்று வாசல் வரை வருவார். தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா ஒருநாள், "பரீட்சைன்னா மட்டும் உனக்கு வயித்து வலி வருதா?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க அழுதேன். கோபத்தில் கேட்டாலும் அது சரியான கேள்விதான் என்று பிறகுதான் புரிந்தது.

இசிஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்தோம். எல்லாமே நார்மல். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை, அவமானமாக இருந்தது. அப்போ நான் நடிக்கிறேனா? டாக்டரம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: வலி நிஜம், பேதி நிஜம், அதைக் கிளப்பிவிடுவது பயம்.

சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆபத்து என்றதும் அட்ரினலினை விடுகிறது. துரத்துகிற நாய்க்கும் கேள்வித்தாளுக்கும் உடம்பு பேதம் பார்ப்பதில்லை. ஓடுவதற்குத் தயாராக ரத்தம் கை கால் தசைக்குப் போகிறது, இதயம் வேகம் எடுக்கிறது, வியர்க்கிறது. இரைப்பையில் வேலை மெதுவாகிறது, பெருங்குடல் அவசரப்படுகிறது. அதுதான் அந்தக் கலக்கல். கழுத்தும் தாடையும் இறுகியே கிடந்தால் தலைவலி. விரல் மரத்துப்போனதற்கும் காரணம் உண்டு. பயத்தில் நம்மை அறியாமல் வேகவேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் மரப்பும் தலைசுற்றலும் வருகின்றன. அதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுவோம். பயம் மாதக்கணக்கில் நீடித்தால் மாதவிலக்குகூடத் தள்ளிப்போகும். இதைத் தங்கைகளுக்குச் சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

மறதியும் இதில் சேர்ந்ததுதான். வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். வாரம் தவறாமல் கோட்டை அகழியைப் பார்த்துக்கொண்டு போகிறவளுக்கு 1806 வரவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்றதும் ஜூலை 10 என்று தேதியோடு வந்தது. மன அழுத்தம் ஏறும்போது சுரக்கும் கார்டிசோல், படித்ததை நினைவிலிருந்து எடுப்பதைத் தடுக்கிறது. நான் படிக்காதவள் இல்லை என்று அன்றுதான் நம்பினேன்.

முதலில் ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டும்கூடப் படபடப்பைக் கொடுக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மயக்கம், நடந்தால் நெஞ்சுவலி இதெல்லாம் இருந்தால் பரீட்சை பயம் என்று தள்ளிப்போடவே கூடாது.

எனக்கு அதிகம் உதவியது மூச்சுதான். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். ஹாலில் முதல் தடவையாகச் செய்தால் வராது. தினமும் காலையில் பத்து நிமிடம் வீட்டிலேயே பழக வேண்டும். நூலகத்தில் ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதை ஒன்றாகக் குறைத்ததும் படபடப்பில் பாதி போய்விட்டது. பிறகு உடம்பையும் பரீட்சைக்குப் பழக்கினேன். சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்து, காலை 9.30 முதல் 12.30 வரை கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் 200 கேள்விக்கும் வட்டம் நிரப்புவேன். தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளை முதலில் முடிப்பேன். தெரிந்ததில் ஆரம்பித்தால் கை நிதானத்துக்கு வரும். வாரம் ஒன்றாகப் பதினோரு வாரம் செய்தேன்.

இத்தனை செய்தும் தூக்கமே இல்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

2024 ஜூன் 9 தேர்வுக்கு வேண்டுமென்றே வேலூரையே மையமாகத் தேர்ந்தெடுத்தேன். ஆயா கொடுத்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டுக் கிளம்பினேன். பாலம் வந்தது, வயிறு கலக்கியது. கலக்கட்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஆறு எண்ணினேன். ஹாலில் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விட்டேன், அவ்வளவுதான். கடைசியில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஒவ்வொரு விடையிலும் எத்தனை வட்டம் நிரப்பினேன் என்று எண்ணி எழுதிக் கூட்டினால் சரியாக 200 வந்தது. எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன், உள்ளங்கைக்கு அடியில் வைத்திருந்த கைக்குட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. தாள் காய்ந்தே இருந்தது.