ஐந்து குதிரை, ஒரு மேடு

கதவு திறந்ததும் பாயும் என்று பார்த்தால், ஐந்து குதிரைகளும் காலைநடை போவதுபோல் கிளம்பின.

இன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பான்டிஃப்ராக்ட் பந்தயத் திடலில். இரண்டு மைலுக்கும் மேல் ஓட்டம். முன்னால் போக யாருக்கும் மனசில்லை. பதினைந்து குதிரை ஓடினால் எதாவது ஒன்று அவசரப்படும். இங்கே அதற்கும் ஆளில்லை.

எனக்குக் கண்ணில் நிற்பது ஓட்டம் அல்ல, ஈயம்.

சேணத்துக்கு அடியிலிருந்த துணியின் பைகளில் ஈயத் தகடுகள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் இப்படித்தான் ஈடுகட்டுவார்கள். இந்த வகைப் பந்தயத்தில், முந்தைய ஓட்டங்களை வைத்துக் கொடுக்கும் தரப்புள்ளி அதிகமுள்ள குதிரைக்கு அதிகச் சுமை. நன்றாக ஓடியதற்குக் கிடைத்த பரிசு! (எங்கள் அலுவலகத்திலும் இதே கணக்குதான். சரி, அது வேறு கதை.)

எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும், அதுதான் எடை நிர்ணயிப்பவரின் கனவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி ஏற்றத்தில் அதிகச் சுமை தூக்கிய பெரிய குதிரையின் கழுத்து தாழ்ந்ததைப் பார்த்தபோது நியாயம் ஞாபகம் வரவில்லை.

இரண்டாவதாக வந்தது. அதன் ஜாக்கி சேணத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, எடையைச் சரிபார்க்க மறுபடி தராசுக்குப் போனார்.