பிராஞ்ச் ஃபயர்வால்ல பெட்டி பெருசில்ல, ஒயரும் ஐபி பிளானும்தான்

நெட்வொர்க்கிங் கோர்ஸ் முடிச்சிட்டு சேலத்துல வேலை தேடற தம்பிங்க அடிக்கடி கேக்கறாங்க, எம்என்சி-க்கு அம்பது ஊர்ல ஆபீஸ் இருந்தா ஒவ்வொரு ஊருக்கும் ஆள் போயா ஃபயர்வால் (ஆபீஸ் நெட்டுக்குள்ள எது வரலாம், எது போகலாம்னு பாக்கற பெட்டி) செட் பண்ணுவாங்கன்னு. யாரும் போறதில்லப்பா. அஞ்சு ரோடு பக்கம் இருக்கற ஆபீஸுக்கு கூரியர்ல பெட்டி வரும், பிரிச்சு ரேக்ல மாட்டி, வான் போர்ட்ல (வெளி நெட்டுக்கான ஓட்டை) ஐஎஸ்பி, அதாவது நெட் தர்ற கம்பெனியோட ஒயரைச் சொருகி கரண்ட் போட்டா போதும், ரிசப்ஷன்ல இருக்கற அக்காவே பண்ணிடலாம். பெட்டி தானா நெட்டுக்குப் போய் தன்னைத் தயாரிச்ச வெண்டரோட கிளவுட்ல தன் சீரியல் நம்பரைச் சொல்லும், அது இன்ன கம்பெனி பெட்டின்னு அங்க முன்னாடியே பதிஞ்சிருக்கும், அப்புறம் கம்பெனியோட மேனேஜர் சர்வர்ல இருந்து சேலத்துக்கான கான்ஃபிக் (செட்டிங்ஸ்) இறங்கிடும். ஃபோர்டினெட்னா ஃபோர்டிமேனேஜர், பாலோ ஆல்டோன்னா பனோரமா, பேர்தான் வேற. ரூல்ஸ் எல்லா ஊருக்கும் ஒரே டெம்ப்ளேட், ஐபி மாதிரி சிலது மட்டும் வேரியபிளா மாறும்.

ஆனா எல்லாச் சாவியும் அந்த மேனேஜர்ங்கற ஒரே இடத்துல இருக்குல்ல, 2024 அக்டோபர்ல ஃபோர்டிமேனேஜர்ல ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்தப்ப அதை ஏற்கெனவே ஹேக்கருங்க யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க. பிராஞ்சை விட மேனேஜரைத்தான் மொதல்ல பேட்ச் பண்ணணும்.

எல்லாத்துலயும் பேர்தான் வேறங்கறதால எந்த பிராண்ட் பெஸ்ட்டுங்கற சண்டையில எனக்கு ஆர்வமே இல்ல. நிஜமான வேலை ஐபி பிளான். கம்பெனிங்க உள்ளுக்குள்ள வச்சுக்கற 10.0.0.0/8-ல 1 கோடியே 67 லட்சம் அட்ரஸ் இருக்கு, அதுல ஆசியாவுக்கு ஒரு துண்டு, அதுக்குள்ள இந்தியாவுக்கு ஒண்ணு, அதுக்குள்ள சேலத்துக்கு ஒரு /22 (1024 அட்ரஸ்) துண்டுன்னு வரிசையா வெட்டி வச்சா ரூட்டும் ரூலும் ஒரே வரியில முடியும். இப்படி வெட்டி வச்சாலும் உங்க கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும், அங்கயும் அதே 10.1.0.0 ஓடிட்டு இருக்கும், அப்ப நேட் (ஒரு ஐபியை வேற ஐபியா மாத்திக் காட்டறது) மேல நேட் போட்டு மாசக்கணக்குல மல்லுக்கட்டணும்.

டிராஃபிக்கும் முன்ன மாதிரி இல்ல. அப்பல்லாம் எம்பிஎல்எஸ்னு கம்பெனி வாடகைக்கு எடுத்த தனி லைன்ல எல்லாமே டேட்டா சென்டருக்குப் போய்த்தான் வெளிய போகும், இப்ப மெயிலும் மீட்டிங்கும் கிளவுட்ல இருக்கறப்ப சேலத்துல இருந்து சிங்கப்பூர் டேட்டா சென்டருக்குப் போய்ச் சுத்தி வர்றதுல என்ன லாபம், அதான் எஸ்டி-வான் (எது எந்த லைன்ல போகணும்னு சாஃப்ட்வேரே பாத்துக்கறது) போட்டு நெட் டிராஃபிக்கை இங்கயே வெளிய விட்டுடறாங்க, ஈஆர்பி (கம்பெனியோட கணக்கு, ஸ்டாக் சாஃப்ட்வேர்) மாதிரி உள் விஷயம் மட்டும் ஐபிசெக் டனல்ல, அதாவது நெட்டு மேலயே பூட்டுப் போட்ட வழியில, ஹப்புங்கற நடு ஆபீஸுக்குப் போகும். எல்லாரோடயும் எல்லாரும்னு போட்டா அம்பது ஆபீஸுக்கு 1225 டனல் வரும், யார் பாக்கறது.

டனல்னா அடுத்த தலைவலி எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற அளவு. பிங் ஜம்முனு போகும், லாகின் ஸ்கிரீன் வரும், ரிப்போர்ட் எடுத்தா அப்படியே நிக்கும். 1500 பைட் பாக்கெட்டுக்கு மேல ஐபிசெக் தன் ஹெடரையும் ஏத்துது, வழியில எவனோ 'பாக்கெட் பெருசு'ன்னு திருப்பிச் சொல்ற ஐசிஎம்பி மெசேஜை மட்டும் பிளாக் பண்ணிட்டான், பெரிய பாக்கெட் சத்தமில்லாம செத்துடும். எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்ல ஏத்தற டேட்டா அளவு) 1350-க்கு இறக்குனா சரியாயிடும், ஆனா அதுக்குள்ள அப்ளிகேஷன் டீம் உன்னைத் திட்டி முடிச்சிருக்கும்.

ஏற்காட்டுல ஒரு சின்ன ஆபீஸ்னு வை. பேப்பர்ல ரெண்டு ஐஎஸ்பி, ரெண்டு லைன், ஆக்டிவ்-பேசிவ்னு (ஒண்ணு ஓடும், இன்னொண்ணு ஸ்டாண்ட்பை) ரெண்டு பெட்டி வேற. மலைப்பாதை 20 கொண்டை ஊசியிலயும் ரெண்டு ஃபைபரும் ஒரே கம்பத்துல தொங்கிட்டு வந்தா மழைக்கு ஒரு மரம் சாஞ்சா போதும், ரெண்டும் போச்சு. லைன் எந்த வழியா வருதுன்னு எழுதி வாங்கறதுதான் நல்ல இன்ஜினியர் வேலை. பேக்கப்புக்கு 4ஜி சிம் போடுவாங்க, அதுல வர்ற ஐபி 100.64-ல ஆரம்பிச்சா அது ஐஎஸ்பி தனக்குள்ள வச்சுக்கற ஐபி, ஹப்புல இருந்து பிராஞ்சைக் கூப்பிடவே முடியாது, அதனால டனலை எப்பவும் பிராஞ்ச் பக்கம்தான் ஆரம்பிக்கற மாதிரி வைக்கணும், வெளிய ஐபிசெக்குக்கான யூடிபி 500, 4500 போர்ட் திறந்திருக்கணும். இதை இன்டர்வியூல கேக்காமலே நீங்களா சொல்லிப் பாருங்க.