திருநீற்றுத் தட்டு

மட்டக்களப்பில் காலை ஏழரை மணிக்கு ஒரு பாடசாலையின் மதிலோரம் நின்றால் போதும், அது யார் கட்டிய பாடசாலை என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் தேவாரம், ஓரிடத்தில் செபம், காத்தான்குடிப் பக்கம் போனால் குர்ஆன் ஓதும் கிராஅத். மத்திய கல்லூரி 1814 இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கியது. கல்லடி உப்போடை சிவானந்தா 1929 இல் விபுலானந்த அடிகள் எழுப்பியது. 1960, 61 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சம்பளம் அரசு தருகிறது, இடாப்பும் அரசுடையது. காலைப் பிரார்த்தனை மட்டும் பழைய வீட்டுக்காரருடையதாகவே இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேவாரத்தோடு தொடங்கும் நாள் எனக்கும் பிடிக்கும்.

நான் சைவப் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் ஓர் அரச பாடசாலையில் பகுதித் தலைவராக இருக்கிறேன். இதற்கு முன்பு அம்பாறைக் கரையோரத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். அங்கே கிராஅத் ஓதும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான். ஓதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை நேரத்தோடு பாடசாலை விடும், நோன்பு மாதத்தில் விடுமுறை, மற்றவர்களுக்கு லீவு வரும்போது எங்களுக்குப் படிப்பு. பழகிவிட்டது. சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆளுக்கு இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது வேறு கதை.

இங்கே வெள்ளிக்கிழமைகளில் மாணவர் தலைவர்கள் திருநீற்றுத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போவார்கள். தரம் 6 இல் சேர்ந்த ஒரு முஸ்லிம் பையனை அங்கேதான் கவனித்தேன். தட்டு அவன் முன்னால் நீண்டது. விரலைக் கொண்டுபோனான், தயங்கினான். பின்னால் நின்றவன் “டேய், கெதியா போடா” என்று தள்ளினான். இவன் திருநீற்றைத் தொட்டான், நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. நடந்துகொண்டே நீலக் காற்சட்டையில் துடைத்துவிட்டான். பகல் முழுக்க அந்த வெள்ளைக் கோடு தொடைப் பக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. வற்புறுத்தினீர்களா என்று மாணவர் தலைவரைக் கேட்டால் இல்லை என்பான். உண்மையும் அதுதான்.

ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன்: தட்டு பிள்ளையார் மாடத்தடியில் இருக்கட்டும், வேண்டியவர்கள் போய் எடுக்கட்டும். மூத்த ஆசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. “நம்மட பள்ளிக்கூடத்தில திருநீறு குடுக்கிறதுக்கும் பயப்படணுமா மிஸ்?” என்றார். “குடுக்க வேணாம் எண்டு சொல்லல்ல சேர். புள்ளைகள் எடுக்கட்டும் எண்டுதான் சொல்றன்.” அதிபர் ஒத்துக்கொண்டார். தட்டு இடம் மாறியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை: சைவப் பிள்ளைகளிலேயே நிறையப் பேர் மாடத்தடிக்குப் போகாமல் நேரே வகுப்புக்கு ஓடினார்கள். அந்த ஆசிரியர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். அத்தனை நாளும் அவர்கள் நெற்றியில் இருந்தது பக்தியா பழக்கமா என்று இப்போது தெரிந்துவிட்டதே!

“வேண்டாமென்றால் விடலாம்தானே” என்ற வாதத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1962 இலேயே கேட்டிருக்கிறது. நியூயோர்க் மாநிலக் கல்விச் சபை பாடசாலைகளுக்கென்று 22 ஆங்கிலச் சொற்களில் ஒரு செபம் எழுதிக் கொடுத்திருந்தது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை, விரும்பாத பிள்ளை பேசாமல் நிற்கலாம், வெளியேயும் போகலாம். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். எங்கல் எதிர் விட்டேல் என்ற அந்த வழக்கில், அரசு செபம் எழுதிக் கொடுப்பதே பிழை என்று தீர்ப்பு வந்தது. அரசின் பலம் ஒரு நம்பிக்கையின் பின்னால் நிற்கும்போது சிறுபான்மையின் மேல் மறைமுகமான நெருக்குதல் வரும் என்றும் நீதிபதி ஹியூகோ பிளக் எழுதினார். அதே நீதிமன்றம் 2022 இல், ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் முழங்காலில் நின்று செபித்த பாடசாலை அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநரின் பக்கம் நின்றது. 6 பேர் அவருக்குச் சாதகம், 3 பேர் எதிர். பயிற்றுநர் செபிக்கும்போது அணியில் இடம் வேண்டிய பையன் என்ன செய்வான் என்பது அந்த மூவரின் கவலை. எனக்கு அந்த மூவரின் பேச்சுத்தான் சரியாகப் படுகிறது. நான் வாசல் வரிசையைப் பார்த்தவள்.

நம்முடைய நாட்டு ஏற்பாடு வேறு. அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை தருகிறது, 10 ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தருகிறது. இங்கே சமயம் பாடசாலைக்கு உள்ளேதான் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடமும்கூட. அவரவர் சமயத்தை அவரவர் படிக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் படிப்பிக்க ஆள் வேண்டுமே. எங்களிடம் மௌலவி ஆசிரியர் இல்லை, கத்தோலிக்கம் படிப்பிக்கவும் ஆள் இல்லை. சமயப் பாடவேளை வந்தால் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போவார்கள். ஞாயிறு மறைக்கல்வியும் மாலை மத்ரஸாவும்தான் அவர்களைச் சோதனைக்குத் தயார்படுத்துகின்றன.

பத்திரிகைக்கு வருவது 2018 இல் திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த அபாயாவை ஒட்டி எழுந்த மாதிரியான சண்டைகள்தான். சரஸ்வதி பூசைக் கடலை எந்தப் பத்திரிகைக்கும் வராது. எங்கள் மனையியல் ஆசிரியை கடலையை அவித்துத் தாளித்ததும், படையலுக்கு எடுக்கும் முன்பே ஒரு பேசினில் கொஞ்சத்தை அள்ளி மூடி வைத்துவிடுவார். படைத்ததைச் சாப்பிடாத முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கிறிஸ்தவ சபைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அது. யாரும் அவரிடம் கேட்டதில்லை, சுற்றறிக்கையும் இல்லை. “ஒரே சட்டிக் கடலைதானே மிஸ், பசியோட பாத்துக்கிட்டு நிக்கிறதா?” என்பார்.

2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளும் பலியானார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது வாசலில் தட்டு இருந்த இடத்தில் பைகளைச் சோதித்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் சிலரை வீட்டார் சில வாரங்கள் அனுப்பவே இல்லை. அந்த நாட்களில் அதிபர் காலைக்கூட்டத்தில் எல்லோரையும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். தேவாரம் ஏன் இல்லை என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தவணையில் கேட்டார்கள், தேவாரம் திரும்பி வந்தது.

இப்போது என் மேசையில் இருப்பது ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரச்சினை. பாடசாலை விடுவது ஒன்றரைக்கு, தொழுகை அதற்கு முன்பே. மேல் வகுப்புப் பையன்கள் பெற்றோரின் கடிதத்தோடு பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். தரம் 10 க்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் கணிதம் என்று நேரசூசி வந்திருக்கிறது. வாரா வாரம் கணிதத்தை விட்டுவிட்டு சாதாரண தரத்துக்கு எப்படி இருப்பார்கள்? கணிதத்தை வியாழனுக்கும் சித்திரத்தை வெள்ளிக்கும் மாற்றிவிட்டேன். சித்திர ஆசிரியர் என்னோடு இப்போது பேசுவதில்லை. அவருடைய பாடத்தையும்தான் பையன்கள் விடுகிறார்கள், அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அடுத்த தவணைக்கு அந்த நேரத்தில் விளையாட்டைப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.