ஏற்காட்டுத் தோட்டத்து நோடுகளும் நிபுணர் குழுவின் கேள்விகளும்

பிஎச்டி செய்கிறவர்களுக்கு டிசி மீட்டிங், அதாவது டாக்டரல் கமிட்டிக் கூட்டம், பழகிப்போன ஒன்று. கைடும் கமிட்டி உறுப்பினர்களும் உட்கார்ந்திருப்பார்கள், இதுவரை முடித்ததைக் காட்டுவோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பேசிய ஆய்வு மாணவர் அமர்வு வேறு மாதிரி. சென்சார் நெட்வொர்க் துறையில் சென்சிஸ் போன்ற பன்னாட்டு மாநாடுகளை ஒட்டி டாக்டரல் கலோக்கியம் நடத்துவார்கள். ஆய்வு பாதியில் இருக்கும்போதே மாணவர் அதை வெளி நிபுணர்கள் முன்னால் வைத்து, அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டுக்கொள்ளும் இடம் அது. அதே முறையைத்தான் இங்கேயும் பின்பற்றினார்கள். நம் பக்கத்து ஸ்காலர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதனால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விண்ணப்பத்துக்கு இரண்டு பக்கச் சுருக்கமும் கைடின் கடிதமும் போதும். சுருக்கத்தில் பிரச்சினை, முன்னால் செய்யப்பட்ட வேலைகள், இதுவரை நான் செய்தது எல்லாம் வர வேண்டும். கடைசியில் ஒரு பகுதி: ‘குழுவிடம் நான் கேட்க விரும்புவது’. எழுதக் கஷ்டமாக இருந்தது அந்தப் பகுதிதான். ‘என் ஆய்வு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். எந்த முடிவை எடுக்க முடியாமல் நிற்கிறோமோ அதை அப்படியே எழுதினால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

என் வேலை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் நடக்கிறது. அரபிகா செடிகள், மேலே நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் விழும் பூ மழையை நம்பித்தான் காப்பி பூக்கிறது. அது தவறினால் ஸ்பிரிங்ளர் போட வேண்டும். எந்தச் சரிவில் எப்போது போடுவது என்று தெரிய மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்களை வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் அவை ஓடுகின்றன. சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் சேர்ந்த சின்னக் கருவிதான் நோடு. ஒவ்வொரு நோடும், குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் அனுப்பும் லோரா ரேடியோ வழியாக, பங்களா பக்கம் இருக்கும் கேட்வேக்கு, அதாவது எல்லா நோடுகளின் தகவலையும் வாங்கிச் சேர்க்கும் கருவிக்கு, தகவல் அனுப்பும்.

இடையில் இருப்பதெல்லாம் இலை. இலை ரேடியோ அலையைக் குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்று கணக்கிட வைஸ்பர்கர் சூத்திரம் இருக்கிறது. 50 மீட்டர் மரக்கூட்டத்தைக் கடக்க 2.4 கிகா ஹெர்ட்ஸில் சுமார் 17 டெசிபெல் (சிக்னல் வலிமை எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு) இழப்பு வரும், 866 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 13 டெசிபெல். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்கும், 865 மெகா ஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். ஆனால் தோட்டத்தில் சில வாரங்கள் இழப்பு இந்தக் கணக்கைத் தாண்டிப் போகிறது, சில வாரங்கள் அதற்குக் கீழேயே நிற்கிறது. ஏன் என்பதுதான் குழுவிடம் நான் கொண்டுபோன கேள்வி.

ஒத்திகையை லேபிலேயே வைத்துக்கொண்டோம். என் கைடு சொன்ன ஒரே திருத்தம்: “முதல் ஸ்லைடுலயே தோட்டத்தைக் காட்டிடும்மா. சரிவு எப்படி, மரம் எப்படின்னு கண்ணுல பட்டாத்தான் அவங்க சரியாக் கேப்பாங்க.” நோடுகள் தகவல் அனுப்பும் விதிமுறையை, அதாவது புரோட்டோகாலைக் காட்டும் படம் முன்னால் இருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளி, நோடுகள் இருக்கும் சரிவின் வரைபடத்தை முன்னால் வைத்தேன்.

அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் பேச 15 நிமிடம், கேள்விகளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம். குழுவில் ரேடியோ அலை பரவலில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவர், காப்பி சாகுபடி தெரிந்த வேளாண் விஞ்ஞானி ஒருவர், சென்சார் கருவி தயாரிக்கும் பொறியாளர் ஒருவர். எனக்கு முன்னால் பேசிய நண்பர் தன் முறையை லீச் புரோட்டோகாலுடன் ஒப்பிட்டிருந்தார். நோடுகள் குழுக்களாகச் சேர்ந்து, குழுத் தலைவர் நோடு வழியாகத் தகவல் அனுப்பும் முறை அது. பொறியாளர் உடனே, “லீச் 2000-ல வந்தது. எந்த நோடும் தகவல் போய்ச் சேருற பேஸ் ஸ்டேஷனை நேரா எட்டும்னு எடுத்துக்கிட்டுத்தான் அது தொடங்குது. நீங்க வைக்கப்போற இடம் அப்படி இருக்கா?” என்று கேட்டார். நம் ஊரில் வரும் ஆய்வேடுகள் எத்தனையோ சிமுலேஷனோடு நின்றுவிடுகின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது என்று எனக்குப் பட்டது.

என் முறை வந்தபோது பேராசிரியர்தான் தொடங்கினார். “வைஸ்பர்கர் சூத்திரம் காய்ஞ்ச, இலை நிறைஞ்ச மரங்களுக்கு. உங்க தோட்டத்துல இலை எப்பம்மா காயும்?” மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் நண்பகல் வரை சொட்டிக்கொண்டே இருக்கும் என்றேன். அப்படியானால் ஈரத்தை ஊகிக்காமல் அளக்கச் சொன்னார். ரேடியோ பாதை ஒவ்வொன்றிலும் ஒரு இலை ஈர சென்சார் வைத்தால், மழை, மூடுபனி, விடியற்காலைப் பனி எதனால் நனைந்தாலும் இலை எப்போது ஈரமாக இருந்தது என்று பார்க்கலாம்.

அடுத்துக் கேட்டது வேளாண் விஞ்ஞானி. அந்தக் கேள்விதான் என் மூன்றாம் அத்தியாயத்தையே மாற்றியது. “நிழல் கவாத்து எப்ப பண்றாங்க?” காப்பித் தோட்டத்தில் பருவமழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். வெளிச்சம் உள்ளே இறங்க வேண்டும், ஈரம் தேங்கக் கூடாது என்பதற்காக. ரேடியோ பாதையில் இருக்கும் இலைக்கூட்டம் சில நாட்களிலேயே குறைந்துவிடும். அதை ஒட்டியே மழையும் வந்து, மிச்சமிருக்கும் இலையை நனைக்கும். ஒன்று சிக்னலைக் கூட்டும், மற்றது குறைக்கும். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தால் என் வரைபடத்தில் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரேடியோ ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. குழுவில் வேறு துறையைச் சேர்ந்த ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பொறியாளர் பேட்டரிக்கு வந்தார். லோராவில் செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் ஸ்பிரெடிங் ஃபேக்டரை ஒரு படி ஏற்றினால் சுமார் 2.5 டெசிபெல் கூடுதல் இழப்பைத் தாங்கும். ஆனால் அதே செய்தி காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அந்த அளவுக்கு பேட்டரியும் கரையும். “ஸ்பிரிங்ளர் போடலாமான்னு தோட்டத்துல ஒரு நாளைக்கு எத்தனை தடவை முடிவெடுப்பாங்க?” என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். “அப்புறம் ஏன் இலை நனைஞ்சிருக்கிற நேரத்துல கத்தணும்? நோடுலயே சேத்து வைங்க, காய்ஞ்ச பிறகு சின்ன ஃபேக்டர்ல அனுப்புங்க.” மண்ணின் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. தாமதத்தைத் தாங்கும் தகவலுக்கு நல்ல நேரம் பார்த்து அனுப்பும் முறை என்ற இந்த யோசனை இப்போது என் ஆய்வின் நடுவில் நிற்கிறது.

சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சோலார் பேனல் வைக்கலாம் என்றார்கள். அடர்ந்த நிழலில், மழைக்கால மூட்டத்தில் அது போதாது என்று அங்கேயே சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். மெஷின் லேர்னிங் கணிப்பு பற்றிய மூன்றாவது ஆய்வுக் கேள்வியை விட்டுவிடச் சொன்னார்கள். ரிவியூவர்களுக்கு அது பிடிக்கும் என்று என் கைடு அதை வைத்துக்கொள்ள நினைத்தார். நீண்ட நேரம் பேசினோம். இலை ஈர அளவீடே இன்னும் முழுதாகச் சேராதபோது எதை வைத்துக் கணிப்பது என்ற என் வாதத்தை சார் ஏற்றார். அது எதிர்காலப் பணிகள் பக்கத்துக்குப் போய்விட்டது.

நடைமுறையில் உதவியதையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பெடுக்க லேப் தோழியை உட்கார வைத்திருந்தேன். மேடையில் நின்றுகொண்டு பதில் யோசிக்கும்போது கேள்வியின் பாதிதான் காதில் விழுகிறது. டீ இடைவேளையில் மூவரிடமும் போய்ப் பேசினேன். கவாத்துத் தேதிகளை எப்படித் தேடுவது என்று விஞ்ஞானி சொன்னது அங்கேதான். அன்றிரவே எல்லாக் கருத்துகளையும், எதை எடுத்துக்கொள்கிறேன், எதை ஏன் விடுகிறேன் என்பதையும் எழுதி மூவருக்கும் அனுப்பினேன். பேராசிரியரிடமிருந்து நீண்ட பதில் வந்தது.

தேதிகள் தோட்டத்து மேஸ்திரி அண்ணனிடம் கிடைத்தன. கூலிக் கணக்குக்காக எந்த பிளாக்கில் என்றைக்கு என்ன வேலை நடந்தது என்று அவர் நோட்டில் எழுதி வைக்கிறார். “இது உங்களுக்கு எதுக்கு கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே பழைய நோட்டுகளையும் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேதிகளை சிக்னல் பதிவோடு பொருத்தியபோது, கவாத்து முடிந்த பிளாக்குகளில் இழப்பு குறைந்ததும், மழை பிடித்த பிறகு மறுபடி ஏறியதும் தனித்தனியாகத் தெரிந்தன. இலை ஈர சென்சார்களை ஒவ்வொரு பாதையாகப் பொருத்தி வருகிறேன். அடுத்த டிசி மீட்டிங்கில் இந்த இரண்டு வரைபடங்களையும்தான் முதலில் வைக்கப்போகிறேன்.