சோழ வளநாடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன்

தஞ்சாவூரைச் சுற்றி ராஜராஜன் காலத்தில் இருந்த வளநாடுகளை, அதாவது பல நாடுகளைச் சேர்த்த பெரிய நிர்வாகப் பிரிவுகளை, கணினி வரைபடத்தில் கொண்டுவரும் வேலை ஓரளவு உருப்பெற்றுவிட்டது. காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் (இன்றைய அரசலாறு) நடுவில் உள்ள பகுதி அநேகமாக முடிந்தது.

சோழர் கல்வெட்டுகள் ஓர் ஊரைச் சொன்னால் பெரும்பாலும் முழு முகவரியோடுதான் சொல்லும். தலைநகருக்கே அப்படித்தான்: பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர். முதலில் வளநாடு, அதற்குள் நாடு அல்லது கூற்றம், அப்புறம் ஊர். கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டி ஊர்ப்பெயர்களைப் பொறுக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய இடத்தில் புள்ளி வைக்கிறேன். ஒரு நாட்டுக்கு ஒரு நிறம். எல்லைக்கோடு போடுவதே இல்லை, புள்ளிகள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஆறுகளின் லேயரை மேலே போட்டதும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. திருவிடைமருதூர் இருந்த திரைமூர் நாடு, தேரழுந்தூரின் திருவழுந்தூர் நாடு, கும்பகோணம் இருந்த பாம்பூர் நாடு எல்லாம் உய்யக்கொண்டார் வளநாட்டில் வருகின்றன; அந்த வளநாடே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் நீளமாகக் கிடக்கிறது. கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் போகிறவர்கள் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினாலே க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் திருநறையூர் நாடு, பழையாறையும் அதில்தான்.

நாடுகள் வளநாடுகளைவிடப் பழையவை. ஊர்கள் தாமாகக் கூடிய கொத்துகள் போலத்தான் தெரிகின்றன. வளநாடு என்பது 1000-ஐ ஒட்டி, நிலம் அளந்த காலத்தில், ராஜராஜன் தன் பட்டப்பெயர்களைச் சூட்டி மேலிருந்து போட்ட பிரிவு. அதற்கு ஆறு வசதியான எல்லை. அந்த நில அளவை எவ்வளவு நுணுக்கம் என்பதைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பார்க்கலாம்: ஊர்நத்தம், குளம், சுடுகாடு, ஊரின் குறுக்கே ஓடும் வாய்க்கால் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் வரி கட்டும் நிலத்தைக் கணக்கிடுகிறார்கள். படிக்கப் படிக்க அந்தக் கணக்கர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

அடுத்து நாகப்பட்டினம் பக்கம் போனேன். ஒரே வரைபடம் போதாது என்பது அங்கேதான் உறுதியானது. அங்கிருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு, பட்டினக் கூற்றத்தை க்ஷத்திரியசிகாமணி வளநாட்டில் வைக்கிறது. 1090-ஐச் சேர்ந்த சிறிய லெய்டன் செப்பேட்டில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், அதே பட்டினக் கூற்றம் கேயமாணிக்க வளநாட்டில் இருக்கிறது. கூற்றம் அப்படியே நிற்க, மேலே இருந்த பெயர் மாறிவிட்டது. அதனால் வளநாடுகளை ராஜராஜனுக்கு ஒன்று, குலோத்துங்கனுக்கு ஒன்று என்று தனித்தனி லேயராகப் பிரித்துவிட்டேன். நாடுகளுக்கு மட்டும் பொதுவாக ஒரே லேயர்.

இப்போது கையில் இருப்பது தெற்கே அருமொழிதேவ வளநாடு. புறங்கரம்பை நாட்டு ஊர்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.