எஸ் என்னுல ஆரம்பிச்சா மூக்கு, ஜி எல்லுல ஆரம்பிச்சா வெளிச்சம்

இங்கிலீஷ் டிக்ஷனரிய சும்மா புரட்டுற பழக்கம் இருக்கறவங்களுக்கு இது கண்ணுல பட்டிருக்கும். எஸ் என்னுல ஆரம்பிக்கிற வார்த்தைகள் இருக்குற பக்கத்துக்குப் போனா ஒரே மூக்கு சமாச்சாரமா இருக்கும். ஸ்னீஸ்னா தும்மல், ஸ்னோர்னா குறட்டை, ஸ்னிஃப்னா மோந்து பாக்குறது, ஸ்னாட்னா சளி, ஸ்னஃப்னா மூக்குப்பொடி, ஸ்னவுட்னா பன்னிக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குமே அந்த மூஞ்சி, தண்ணிக்குள்ள முகத்த வச்சு நீந்தும்போது மூச்சு விடுற குழாய்க்குக்கூட ஸ்னார்கல்னுதான் பேரு, அது ஜெர்மன்ல இருந்து வந்ததா இருந்தாலும் கரெக்டா இந்தக் கூட்டத்துலயே வந்து சேந்துக்கிச்சு. ஸ்னியர்னா ஏளனமா ஒரு பார்வை, அதுலயும் மூக்கு சுருங்காம இருக்காது.

ப்ரீ, ரீ, சப் மாதிரி முன்னொட்டு போலன்னு நினைக்காதீங்க. ப்ரீபெய்டுல ப்ரீய எடுத்தா பெய்டுன்னு உருப்படியா ஒரு வார்த்தை மிஞ்சும், அர்த்தமும் ஒட்டும். ஸ்னோர்ல எஸ், என் ரெண்டையும் எடுத்துப் பாருங்க, மிஞ்சுறது ஓர், அதாவது பூமியில இருந்து வெட்டி எடுக்குற தாது, குறட்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. அப்போ எஸ் என்னுக்குன்னு தனியா அர்த்தம் இல்ல, ஆனா அந்த சத்தத்தக் கேட்டாலே மூக்கு ஞாபகம் வருது. ஜே. ஆர். ஃபர்த்னு ஒரு பிரிட்டிஷ் மொழியியல் அறிஞர் 1930ல இதுக்கு ஃபோனஸ்தீம்னு பேரு வச்சாரு. கவனிச்சது அவர் மட்டும் இல்ல, ஜான் வாலிஸ், கணக்குல முடிவிலிக்கு படுத்த எட்டு மாதிரி ஒரு குறி போடுறோமே அதக் கொண்டுவந்தவரு, 1653லயே இங்கிலீஷுக்கு இலக்கணம் எழுதி (லத்தீன்லதான்) அதுல இந்த மாதிரி சத்தக் கூட்டங்களப் பட்டியல் போட்டிருக்காரு.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது தும்மல் கதைதான். பழைய இங்கிலீஷ்ல தும்முறதுக்கு இருந்த வார்த்தை எஃப் என்னுல ஆரம்பிச்சுது, ஃப்னேயோசன். சொல்லிப் பாருங்க, அதுவே பாதி தும்மல். அப்புறம் எஃப் என்னுல ஆரம்பிக்கிற வார்த்தைகளே ஒவ்வொண்ணா வழக்கொழிஞ்சு போச்சு, இது மட்டும் தனியா நின்னுச்சு, பக்கத்துல பாத்தா எஸ் என் கூட்டம் மூக்கும் முழியுமா நிக்குது, சரின்னு இதுவும் ஸ்னீஸா மாறி அங்க போய் உக்காந்துக்கிச்சு. பழைய கையெழுத்துல நீளமா எழுதுற எஸ் பாக்க எஃப் மாதிரியே இருக்கும், அதுல குழம்பியும் மாறியிருக்கலாம்னு ஒரு கட்சி இருக்கு. எப்படியோ, வார்த்தைங்களும் கூட்டம் இருக்கிற பக்கமா சாயுது.

அடுத்து ஜி எல். க்ளிட்டர், க்ளீம், க்ளோ, க்ளிம்மர், க்ளிண்ட், க்ளாஸ், எல்லாம் வெளிச்சம், மினுமினுப்பு. சந்தோஷம்னு சொல்ற க்ளாடுகூட ஆதியில பளபளப்பானதுன்னுதான் அர்த்தம், அப்புறம்தான் மனசுக்குப் போச்சு. நமக்கு முகம் மலர்ந்தா அவங்களுக்கு முகம் மின்னியிருக்கு போல. ஆனா இத வச்சு எல்லாத்தையும் அளக்கக் கூடாது. க்ளவ்ல வெளிச்சம் ஏது, அது கையுறை. க்ளூ, அதான் பசை, லத்தீன்ல இருந்து வந்துச்சு, க்ளூக்கோஸ் கிரேக்கத்துல இருந்து வந்துச்சு, எழுத்து ஒண்ணா இருக்கறதால மட்டும் பங்காளி ஆகிடாது.

இது மனசுக்குள்ள நிஜமாவே வேலை செய்யுதான்னு பெஞ்சமின் பெர்கன்னு ஒருத்தர் சோதிச்சுப் பாத்து 2004ல எழுதினாரு. க்ளிட்டர்னு ஒரு வார்த்தையக் கண்ணு சிமிட்டுற நேரத்துக்குக் காட்டிட்டு உடனே க்ளோவக் காட்டினா, அது நிஜ வார்த்தைதான்னு ஆளுங்க சட்டுன்னு கண்டுபிடிக்கிறாங்க, எழுத்து மட்டும் ஒத்துப்போற ஜோடி, அர்த்தம் மட்டும் ஒத்துப்போற ஜோடி இதையெல்லாம் விட வேகமா.

டபிள்யூ ஆர் கூட்டம் வேற ரகம். அதுல டபிள்யூ இப்போ ஊமை, ஒரு காலத்துல வாயத் தொறந்து சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ரிங்னா துணியப் பிழியுறது, ரெஞ்ச்னா முறுக்குறது, ரிஸ்ட்னா மணிக்கட்டு, ரிங்க்கிள்னா சுருக்கம், ரிகிள்னா புழு மாதிரி நெளியுறது, ரீத்னா வளைச்சுக் கட்டுற மலர்வளையம். எல்லாமே வளையுறது, முறுக்குறது. ராங் இருக்கே, தப்புன்னு சொல்றோமே, அதுவும் கோணலானதுன்னுதான் ஆரம்பிச்சிருக்கு. ரைட்னு எழுதுறதுக்கு சொல்றது மட்டும் ஒட்டாது, அது கீறுறதுல இருந்து வந்தது, அந்தக் காலத்துல கல்லுலயும் மரத்துலயும் கீறித்தான எழுதினாங்க.

டி டபிள்யூ ரொம்ப நேர்மையான கூட்டம். டூ, ட்வைஸ், ட்வின், ட்வெல்வ், ட்வென்ட்டி, எல்லாத்துலயும் ரெண்டு ஒளிஞ்சிருக்கு, ட்வைன்னா ரெண்டு புரி சேத்து முறுக்குன கயிறு. பிட்வீனுக்கு நடுவுலயும் அதே டி டபிள்யூதான்.

வார்த்தை மனப்பாடம் பண்றவங்க அகர வரிசையில ஒரு பக்கம் முழுக்க முட்டி மோதறதுக்குப் பதிலா இப்படிக் கூட்டமா எடுத்து வச்சுக்கலாம், ஸ்னார்ல்னு புதுசா ஒண்ணு வந்தா மூக்க சுருக்கி உறுமுற நாயப் பக்கத்துல நிறுத்திட்டா போதும். ஸ்னேக், ஸ்னோவெல்லாம் வந்தா மட்டும் மூக்கத் தேடாதீங்க.