பென்னிகுவிக்: ஊர்ப்பெயரே குடும்பப்பெயர்

முல்லைப் பெரியாறு அணையால் தேனி, மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்ட பென்னிகுவிக், உண்மையில் ஒரு ஸ்காட்லாந்து ஊரின் பெயர். எடின்பரோவுக்குத் தெற்கே, நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் அந்த ஊர் இருக்கிறது. அங்கே 'பென்னிகுக்' என்றுதான் உச்சரிப்பார்கள்.

குடும்ப வரலாற்றைப் பழைய பதிவுகளில் தேடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பென்னிகுவிக், பெனிகுயிக், பென்னிகுக் என ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டில் கிடக்கும். எல்லா வடிவத்தையும் தேடிப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையதற்குத் திருச்சபைப் பதிவேடுகளே கதி.

அணை கட்டிய ஜான் பென்னிகுவிக் 1841இல் புனேயில் பிறந்தவர். அப்பாவின் பெயரும் ஜான்தான். பிரிகேடியரான அவர் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் நடந்த 1849 சிலியன்வாலா போரில் இறந்தார். அதே களத்தில், தந்தையின் உடலருகே, 17 வயது மகன் அலெக்சாண்டரும் மாண்டான். பொறியாளரின் மகனும் ஜான், லண்டனில் நீதிபதியாக இருந்தவர். மூன்று தலைமுறையிலும் ஒரே பெயர் என்பதால், ஆண்டைப் பார்க்காமல் எந்தக் குறிப்பையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் எழுந்த அந்த அணை 1895இல் திறக்கப்பட்டது. கட்டியவரின் கல்லறை இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஃப்ரிம்லி தேவாலய வளாகத்தில் உள்ளது.

பறவைகள் பறக்கும் விதத்தைக் செயற்கையாகக் காற்று வீசச் செய்யும் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்த உயிரியலாளர் காலின் பென்னிகுவிக்கும் இப்பெயர்க்காரரே.